வேம்புலி கொண்டுவந்த சாம்பிள்

எண்பதுகளில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, இந்தப் பக்கத்திலேயே ஆரோக்கியமான ஏரி எது என்று யாராவது கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பெரியேரி என்று சொல்லியிருப்போம். திருமுல்லைவாயிலுக்கும் மேனாம்பேட்டுக்கும் நடுவே இருந்தது அது. ஆதியில் பாசன ஏரி. வயலெல்லாம் மனைகளான பிறகு, சுற்றிலும் முளைத்த காலனிகளுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் நீர்த்தேக்கமாக அதை ஆக்கிவிட்டார்கள். இந்த வட்டாரத்து ஏரிகள் எப்படி இருக்கின்றன, மீனும் பாசியும் பூச்சியும் உயிர் வாழும் நிலையில் இருக்கின்றனவா என்று மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து எழுதி வைப்பது எங்கள் வேலை. ஆவடியில் ஒரு மாடிக் கட்டடத்தில், சில மேசைகளையும், பெரும்பாலும் உறைக்குள்ளேயே கிடந்த ஒரே ஒரு மைக்ராஸ்கோப்பையும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தோம்.

மற்ற ஏரிகளின் பாட்டிலைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம். பெரியேரி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால், அதன் வழியாகச் சுவரில் தொங்கும் காலண்டரில் தேதி பார்க்கலாம். எங்கள் மேலதிகாரி ராஜசேகரன் சாருக்கு அந்தத் தண்ணீரின்மேல் காதலே வந்துவிட்டது. வரத்துக் கால்வாயில் வளர்ந்திருக்கும் கோரைதான் தண்ணீரைச் சுத்தம் செய்து ஏரிக்குள் அனுப்புகிறது என்று ஒரு கட்டுரை எழுதி, அதை பெங்களூர் வரை போய்ப் படித்துவிட்டு வந்தார். கோரைமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. ஏரியின் லஸ்கர் வேம்புலிக்கும், அவர் மனைவி பூங்காவனத்துக்கும் சேரவேண்டியது அது.

லஸ்கர் என்றால் ஏரிக் காவல்காரர். மதகைத் திறக்கவேண்டும், மூடவேண்டும். மழைக்காலத்தில் கரையில் நண்டு வளை இருக்கிறதா என்று பார்த்து அடைக்கவேண்டும். குடிநீர்க் கிணற்றுப் பக்கம் எருமையை ஓட்டி வருகிறவனை விரட்டவேண்டும். அரசாங்கத்தில் இதற்குக் கீழே வேறு வேலை இல்லை. வேம்புலி அதைச் செய்கிற தோரணையைப் பார்த்தால், இதற்கு மேலே வேறு வேலை இல்லை என்று தோன்றும். காக்கிச் சட்டையை வாரம் தவறாமல் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து போடுவார். கரைமேல் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

அந்த ஏரிக்குக் கீழேதான் அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அப்பா காலத்தில் மூன்று போகமும் நெல். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. பின்னாலேயே மனை விற்கிறவர்கள் வந்தார்கள். ஒரு வயலுக்கு ஒரு கல்யாணம், ஒரு வயலுக்கு ஒரு வைத்தியம் என்று நிலம் கரைந்தது. வேம்புலி மீசை முளைத்து நிமிர்ந்தபோது வீடும் ஒரு புளியமரமும்தான் மிச்சம். லஸ்கர் வேலை கிடைத்ததும், போன நிலமெல்லாம் திரும்பி வந்த மாதிரி இருந்தது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "நெலம்தாம்மா பூட்ச்சு. அதுக்குத் தண்ணி குட்த்த ஏரி எங்கைலதான கீது" என்றார். சென்னீர்குப்பத்திலிருந்து பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டு வந்ததும் அந்த வருடம்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் இவர் ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாகவும், ஏரியே இவருக்குச் சொந்தம் என்று தன் அப்பா நம்பிவிட்டதாகவும் பூங்காவனம் சொல்வாள். அது பொய்யாகவும் இருக்கலாம். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சுசீலா. அப்பா ஆவடி டிஃபன்ஸ் ஃபாக்டரியில் ஃபிட்டர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். விலங்கியல் படித்துவிட்டு அந்த ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஏரிக்கு நானே போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேனே என்று கேட்டேன். "பொம்பளைப் பிள்ளைங்களை ஃபீல்டுக்கு அனுப்ப மாட்டேம்மா, நாளைக்கு ஏதாவதுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் ராஜசேகரன் சார். அவரும் போகமாட்டார். பேண்ட் நனைந்துவிடும்.

எனவே தண்ணீர் எடுக்கும் பொறுப்பு அந்தந்த ஏரி லஸ்கர்களிடம் போனது. திட்டம் தொடங்கிய புதிதில் ராஜசேகரன் சார் ஜீப்பில் பெரியேரிக் கரைக்குப் போய், ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி பாட்டில்களை வேம்புலியிடம் கொடுத்திருக்கிறார். "மாசம் ஒரு தடவை ஏரித் தண்ணி சாம்பிள் கொண்டு வரணும். சாம்பிள் நல்லா இருக்கணும், வேம்புலி. அதுதான் முக்கியம்." இதைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி வந்துவிட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சாம்பிள் என்கிற வார்த்தை தெரியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். தெரியும் சார் என்று வேம்புலி சொல்லியிருக்கிறார்.

தெரியும்தான். அறுவடை முடிந்ததும் அவருடைய அப்பா பூந்தமல்லி மண்டிக்குச் சாம்பிள் கொண்டுபோவார். களத்து நெல்லிலிருந்து நல்லதாகப் பார்த்து முறத்தில் அள்ளி, புடைத்து, பதர் நீக்கி, கல் பொறுக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, சுத்தமான துணியில் முடிந்து எடுத்துப் போவார். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்ப்பான். சாம்பிள் நன்றாக இருந்தால்தான் மூட்டைக்கு மரியாதை. களத்தின் ஓரத்தில் கிடக்கிற பதரையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போய் "இதுதான் எங்கள் நெல்" என்று எந்த விவசாயி நீட்டுவான்? வேம்புலி அறிந்த சாம்பிள் அதுதான்.

பிறகு எனக்குத் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பிள் நாளுக்கு முந்தின சாயங்காலம் வேம்புலி லாரி டியூப்பில் உட்கார்ந்து, கையாலேயே துழாவிக்கொண்டு, கோயில் பக்கத்து ஆழத்துக்குப் போவார். ஏரியில் தெளிவான தண்ணீர் அங்கேதான். கால்வாய் வந்து விழுகிற மேற்கு மூலைக்கு ஒருநாளும் போகமாட்டார், அது அழுக்கு, அவர் பாஷையில் கலீஜ். குடத்தில் மொண்டு கரைக்கு வந்தால், பூங்காவனம் இன்னொரு குடத்தின் வாயில் தன் பழைய நூல் புடவையை நாலு மடிப்பாகப் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வடிகட்டி முடித்ததும் புடவையை ஏரியிலேயே அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வருவார்கள். குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டை இழைத்து, ராத்திரி முழுக்கத் தெளியவைப்பார்கள். காலையில், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிய பாட்டிலில், அந்தத் தண்ணீரைப் பூங்காவனம் உயரத் தூக்கி ஊற்றுவாள். தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்பது எங்கள் சோதனைகளில் முக்கியமான ஒன்று. பெரியேரியில் அது எப்போதும் பிரமாதமாக இருக்கும். ஏன் இருக்காது?

பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி, வாழைநாரால் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு ஆவடி வரைக்கும் மிதித்து வருவார். மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நிற்பார். "எப்டிம்மா கீது நம்ம சாம்பிள்?" என்பார். "நல்லா இருக்கு அண்ணே" என்பேன். அந்த முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும். மற்ற லஸ்கர்கள் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் ஒருவர்தான் ரிசல்ட் கேட்பார்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில், வரத்துக் கால்வாயின் ஓரமாகத் தகரக் கொட்டகைகள் வந்தன. சைக்கிள் பாகத்துக்கும் குழாய்த் தலைக்கும் பளபளப்பு ஏற்றுகிற முலாம் பட்டறைகள். அவற்றின் கழிவு கால்வாயில் இறங்கியது. முதலில் மேற்கு மூலையில் தண்ணீர் மஞ்சளித்தது. பிறகு ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. கால் நனைத்த பிள்ளைகளுக்குச் சொறி வந்தது. குடிநீர்க் கிணற்றுத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியை நக்கிய மாதிரி ஒரு ருசி. தொண்ணூற்று இரண்டு கோடையில் ஒரு விடியற்காலை, கெண்டையும் விராலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை நெடுக ஒதுங்கின.

வேம்புலி அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. செத்த மீனைக் கூடையில் வாரிக் குழிவெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். அடுத்த சாம்பிளுக்கு அவர்கள் இரண்டு மடங்கு பாடுபட்டார்கள். ஏரி கெடக் கெட, நல்ல தண்ணீரைத் தேடி டியூப்பில் இன்னும் தூரம் போனார். புடவை நாலு மடிப்பிலிருந்து எட்டு மடிப்பானது. குடம் ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு ராத்திரி தெளிந்தது. வேறு கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தால் வேலை சுலபம். அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் நான் கேட்டதற்குப் பூங்காவனத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "வேற தண்ணி ஊத்துனா அது ஏமாத்து வேலம்மா. நாங்க இன்னா ஃபிராடா?" என்றாள்.

அவர்கள் கணக்கு வேறு. இவ்வளவு நல்ல தண்ணீர் உள்ள ஏரி என்று தெரிந்தால் கவர்மென்ட் அதைக் கைவிடுமா? சாம்பிள் நன்றாக இருக்கிறவரை ஏரிக்கு மரியாதை இருக்கும். சாம்பிள் கெட்டுப்போனால், இது உதவாத ஏரி என்று தூர்த்து மனை போட்டுவிடுவார்கள். பக்கத்தில் அப்படிப் போன ஏரிகள் அவர்கள் கண்முன்னால் இருந்தன. அதனால் ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் புடவையைப் பிடித்தார்கள்.

ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்த கோவிந்தராஜ், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார். பட்டறைக் கழிவைக் கால்வாயில் விடக்கூடாது, பட்டறைகளை அங்கிருந்து எடுக்கவேண்டும் என்று மனு. வேம்புலியும் கையெழுத்துப் போட்டார். "நீ ஒண்ணியும் பயப்படாத அண்ணாத்தே. ஆபீஸ்ல நம்ம ஏரி சாம்பிள் அத்தினியும் பத்திரமா கீது. அது பேசும்" என்று கோவிந்தராஜுக்கு அவர் தைரியம் வேறு சொல்லியிருக்கிறார்.

விசாரணை தொண்ணூற்று மூன்று மார்கழியில் நடந்தது. தாலுகா ஆபீஸில் இடம் போதாதென்று ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்தின முகூர்த்தத்தின் மாவிலைத் தோரணம் வாடிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலியில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பட்டறைக்காரர்களும் அவர்களுடைய வக்கீலும். இன்னொரு பக்கம் ஊர். ராஜசேகரன் சாருக்குப் பின்னால் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தூணில் சாய்ந்து, கஞ்சி போட்ட சட்டையில் வேம்புலி நின்றார். பூங்காவனம் தரையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

பெரியேரியின் நிலை என்ன என்று அதிகாரி கேட்டார். ராஜசேகரன் சார் எழுந்து வாசித்தார். தண்ணீர் தெளிவானது. கரைந்த காற்று மிகத் திருப்தி. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, விதிவிலக்கில்லாமல், நீர்த்தேக்கம் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது. மீன் செத்ததற்குக் கோடை வெப்பம் காரணமாக இருக்கலாம்.

வக்கீல் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அரசாங்கமே சொல்லிவிட்டது. என் கட்சிக்காரர்களால் ஏரிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. மனுவைத் தள்ளுபடி செய்யலாம்."

கோவிந்தராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டேய், யார்ராது தெளிவான தண்ணின்னு சொன்னது? வந்து ஒரு வாய் குட்ச்சிக் காட்றா பாப்போம்!" மண்டபமே கத்தியது. போலீஸ்காரர் கோவிந்தராஜின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

வேம்புலி குனிந்து என் காதோடு கேட்டார். "இன்னாம்மா, சார் நம்ம சாம்பிள் நல்லா கீதுன்னுதான சொல்றாரு? அப்பால ஏன் கேஸு அவங்க பக்கம் போவுது?"

"சாம்பிள் நல்லா இருந்தா ஏரி நல்லா இருக்குன்னுதானே அண்ணே அர்த்தம். பட்டறையால ஒண்ணும் ஆகலைன்னு ஆகிடுது."

"சாம்பிள்னா நல்லதாப் பாத்து எட்த்து காட்றதில்லியா?"

"இல்ல அண்ணே. ஏரி எப்படி இருக்கோ அப்படியே காட்டுறது. அழுக்கு இருந்தா அழுக்கோட."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் பொறி தட்டி, "எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் எதிரே தரையில் இருந்த பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் அங்கே போய்க் குந்தி, இரண்டு வார்த்தை சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். ஓய்வுபெறச் சில வருடம்தான் பாக்கி. அரசாங்க வேலையைத் தப்பாகச் செய்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால், அதிகாரி முன்னால் சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும். ஊர்க்காரனிடம் உதை கிடைத்தாலும் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போவது ஏரி மட்டும்தான். தயங்கினார். அவர் தயங்கவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அதிகாரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

பூங்காவனம்தான் முதலில் எழுந்தாள். "வாய்யா, போய்ச் சொல்லலாம். பொடவை என்னுதுதான? நானும் வர்றேன்."

இரண்டு பேரும் மேடைக்குக் கீழே போய் நின்றார்கள். வேம்புலி கையைக் கட்டிக்கொண்டு, தலைகுனிந்தபடி, எல்லாவற்றையும் சொன்னார். டியூப், கோயில் பக்கத்து ஆழம், தேத்தாங்கொட்டை. இடையில் குரல் உடைந்தபோது பூங்காவனம் எடுத்துக்கொண்டாள். "நாலு மடிப்பு சார். அப்பால எட்டு. பாட்டிலு புளி போட்டு வெளக்குனது சார், ஒரு கறை இருக்காது." அவள் இதை இன்னமும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

மண்டபம் சிரித்தது. பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள், போலீஸ்காரர் சிரித்தார், ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபைல்களை அவர்கள்மேல் வீசியிருப்பேன். வேம்புலி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "மெய்யாலுமே ஏரிக்கு நல்லதுன்னு நென்ச்சித்தான் சார் செஞ்சோம். என்ன இன்னா வேணா பண்ணிக்கோங்க. ஏரி சாவுது சார். வந்து பாருங்க" என்றார்.

வக்கீல் உடனே எழுந்து, அரசு ஊழியர் கடமையில் மோசடி, இவர் பேச்சைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார். அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் ராஜசேகரன் சாரையே பார்த்தார். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி எழுந்து, "வாங்க, ஏரிக்குப் போகலாம்" என்றார்.

ஜீப்பும் சைக்கிளும் நடையுமாக எல்லோரும் மேற்கு மூலைக்குப் போனோம். அந்த ஏரியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கரையில் நின்று பார்த்தேன். அதிகாரி ஒரு பாட்டிலை வேம்புலியிடம் கொடுத்து, எப்படி இருக்கிறதோ அப்படியே எடுக்கச் சொன்னார். அவர் முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். குனிந்தார். மேலே மிதந்த நுரையைக் கையால் விலக்கப் போனவர், அப்படியே கையை இழுத்துக்கொண்டார். பாட்டிலை நுரைக்குள்ளேயே அமுக்கினார். கரை ஏறும்போது அதைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளைக்கு மேலில் துணி இல்லாதபோது நாலு பேர் நடுவில் மூடிக்கொண்டு வருவோமே, அப்படி. அதிகாரி துண்டை நீக்கி பாட்டிலை உயரப் பிடித்துப் பார்க்கையில், வேம்புலி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அந்த பாட்டிலையும், நான் அன்றே ஏரியின் பல பக்கங்களிலிருந்து முட்டிவரை நனைந்து எடுத்த பாட்டில்களையும் வைத்துத்தான் உத்தரவு வந்தது. பட்டறைகளை அங்கிருந்து எடுத்தார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். எங்கேயோ இன்னொரு ஏரி இருக்கத்தான் செய்யும். பழைய ரிப்போர்ட் முழுவதும் ரத்தானது. ராஜசேகரன் சார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கோரைக் கட்டுரையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

வேம்புலியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இரண்டு வருடம் இழுத்தது. பூங்காவனம் ஒரு அப்பளக் கம்பெனிக்குப் போனாள். ஊரில் சில பேர் அவரைக் கண்டால் "இன்னா தல, எத்தினி மடிப்பு?" என்று கேட்பார்கள். கேட்டவன் சட்டையைக் கோவிந்தராஜ் ஒருமுறை பிடித்து உலுக்கியதாகக் கேள்வி. கடைசியில், சாம்பிள் எப்படி எடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை என்று எழுதி, எச்சரித்து, திரும்ப வேலைக்கு எடுத்தார்கள்.

அதற்கப்புறமும் மாதாமாதம் சாம்பிள் கொண்டுவந்தார். நானும் ஏரிக்குப் போக ஆரம்பித்திருந்தேன். எங்கெங்கே எடுப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். ஆனால் அவர் மாறிவிட்டார். துண்டால் மூடிய பாட்டிலை மேசை ஓரத்தில் வைப்பார், எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். உடனே படி இறங்கிவிடுவார். கூப்பிட்டாலும் நிற்கமாட்டார்.

தொண்ணூற்று ஆறில் ஆனி மாதம் பேய்மழை பெய்ததே, அப்போது பெரியேரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்து, பழைய கழிவையும் அடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓடியது. மறு வருடம் தை மாதத்தில் ஒருநாள் அவர் பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பியபோது, நான் துண்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் லேசான பச்சை. தெளிவில்லை. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்ததும் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணே, நில்லுங்க. சாம்பிள் நல்லா இருக்கு."

அவர் படியில் நின்றார். "கிண்டல் பண்ணாதம்மா. அழுக்காத்தான் கீது. நான் வடிகட்டல. இருக்கறாப்புல எட்த்துனு வந்தேன்."

கையைப் பிடித்து இழுத்து வந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். முதலில் தன் கண் இமைதான் தெரிகிறது என்றார். தலையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொன்னேன். திடீரென்று அசையாமல் ஆனார். கண்ணாடிபோன்ற உடம்புள்ள சின்னஞ்சிறு பூச்சிகள், கையை வீசி வீசி, துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றுக்குள்ளே முட்டைகள்கூடத் தெரிந்தன.

"யம்மா, இது இன்னாம்மா இது? உயிரா கீது!"

"ஏரியோட உயிரே இதுதான் அண்ணே. பாசியை இது தின்னும், இதை மீன் குஞ்சு தின்னும். பட்டறை இருந்தப்ப இது ஒண்ணுகூட இல்ல. இப்ப திரும்பி வந்திருக்கு. ஏரி பொழைச்சிடுச்சு."

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "பட்டறை வர்றதுக்கு மின்னாடியும் இது இருந்துக்கும் இல்ல? நான் கலீஜுனு நென்ச்சி அத்தினி வருசம் பொடவையில புடிச்சது இத்தத்தானா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். அவர் தோள் தொய்ந்துவிட்டது. எதற்கு இவரைக் கூப்பிட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் முகத்தில், பழைய நாளில் ரிசல்ட் கேட்டு நிற்கும்போது வருமே, அந்த மலர்ச்சி.

"பூங்காவனம் அந்தப் பொடவைய ஊட்ல அலச மாட்டாம்மா" என்றார். "ஒவ்வொரு தபாவும் ஏரியிலதான் அலசுவா. எல்லாம் உயிரோட திரும்பி ஏரிக்கே பூட்ச்சு."